பீப்பாய்க் கொட்டகைக்கு வெள்ளையடித்தவள்

வியாகுலம்மாளுக்கும் அவள் புருஷன் சவரிநாதனுக்கும் நடுவில் ஏழெட்டு வருஷம் தூது போனவள் நான். சம்பளமும் இல்லாத, நன்றியும் இல்லாத வேலை. ஒரே கொட்டகைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "சோறு போட்டு வச்சிருக்குன்னு அவருகிட்டச் சொல்லுங்க டீச்சர்" என்பாள் அவள். "எனக்குப் பசிக்கலன்னு சொல்லிருங்க டீச்சர்" என்பார் அவர். நான் இல்லாத நேரத்தில் பானையைப் பார்த்துச் சொல்வாள். சுவரைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அந்தக் கொட்டகைக்குப் பக்கச் சுவரே கிடையாது.

திருச்சிக்குத் தெற்கே, விமான நிலையம் போகிற வழியில், உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காகப் போட்ட கேம்ப் அது. நெளிநெளியான இரும்புத் தகடு தரையிலிருந்து கிளம்பி, மேலே வளைந்து, மறுபக்கம் தரையிலேயே போய் இறங்கும். பெரிய பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதனால் பீப்பாய்க் கொட்டகை என்றே பெயர். முன்னும் பின்னும் மட்டும் செங்கல் அடைப்பு, அதில் ஒரு கதவு, இரண்டு ஜன்னல். எல்லாம் கப்பலில் துண்டு துண்டாக வந்து இங்கே போல்ட் போட்டு முடுக்கியவை. போர் முடிந்து பட்டாளம் போய்விட்டது, கொட்டகைகள் நின்றுவிட்டன. உள்ளே ஒரு மாதா படம் மாட்டினால்கூடப் படம் தகட்டை விட்டு விலகி அந்தரத்தில் தொங்கும். சித்திரை வெயிலில் உள்ளே இருப்பதும் இட்லிப் பானைக்குள் இருப்பதும் ஒன்றுதான். மழை பெய்தாலோ பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த இருவருக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

நாங்களெல்லாம் எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் அங்கே கொண்டுவந்து கொட்டப்பட்டவர்கள். அதற்கு முன் ஸ்ரீரங்கத்தின் மேற்குக் கடைசியில், காவிரிக் கரையை ஒட்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் தெரு. நான் முனிசிபல் பள்ளியில் ஆசிரியை. அக்காவும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் இவர்கள். சவரிநாதனுக்குத் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டுகிற வேலை. ஒரே பெண் ரோசரி, என் வகுப்பில்தான் படித்தாள். வாய்ப்பாடு வரவே வராது. பாட்டு மட்டும் ஒருமுறை கேட்டால் போதும். அடிக்கக் கையை ஓங்கினால் பாடிக் காட்டித் தப்பித்துவிடுவாள், அப்படி ஒரு கள்ளி.

நவம்பரில் புயல் மழை பிடித்தது. கரை தாங்காது, எல்லோரும் மேட்டுக்குப் போங்கள் என்று தண்டோரா போட்டார்கள். அக்காவும் நானும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வியாகுலம் மூட்டையைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாமளும் போயிரலாங்க, புள்ளைய வச்சிக்கிட்டு வேணாங்க" என்று கெஞ்சியதை என் காதால் கேட்டேன். சவரிநாதன் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தார். "இதுக்கு மேல ஏறாது. பொறந்ததுலேருந்து இந்தக் காவேரியப் பாக்குறேன். விடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

விடிகிற வரைக்கும் காவிரி காத்திருக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கையில் மகளையும் மறு கையில் மனைவியையும் பிடித்துக்கொண்டு சவரிநாதன் கிளம்பினார். மேட்டில் ஏறியபோது மனைவி மட்டும்தான் அவர் கையில் இருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு கல்லணை வரைக்கும் போய்த் தேடினார்கள். கரை ஒதுங்கிய உடல்களையெல்லாம் வியாகுலம் போய்ப் புரட்டிப் பார்த்தாள். ரோசரி கிடைக்கவில்லை. மேட்டில் ஏறியபோது நின்ற பேச்சு, புருஷனோடு அவளுக்கு அப்படியே நின்றுபோனது.

வீடில்லாதவர்களை லாரியில் ஏற்றிக் கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அரசாங்கத்தின் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று நமக்குத் தெரியாதா. சவரிநாதன் செம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டுத் தோலை உப்பிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் ஊறப்போட்டு அலசுகிற வேலை. உடம்பெல்லாம் நாறும் என்று கொட்டகைக்கு வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வியாகுலம் மாதா கோயில் சாமியார் பங்களாவில் பாத்திரம் கழுவப் போனாள்.

மறு வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் இரண்டாந்தேதி. எங்களைப் போன்ற வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், வீட்டில் யார் செத்திருந்தாலும் அதற்கு முந்தியே போய்க் கல்லறையில் முளைத்த புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, அன்றைக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கேம்ப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாகக் கிளம்பினார்கள். வியாகுலம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் போவதற்குக் கல்லறை இல்லை.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் உள்ளே போய் ஒரு தொட்டியில் சுண்ணாம்பைக் கரைத்தாள். கொட்டகைக்கு வெளியே ஒரு டிரம்மைப் போட்டு ஏறி நின்றாள். மட்டையைத் தோய்த்து அந்த இரும்புத் தகட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். உச்சியிலிருந்து தரை வரைக்கும், இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம். மழைக்காலத்தில் எவளாவது வெள்ளையடிப்பாளா, அதுவும் தகரத்துக்கு என்று கேட்கத்தான் போனேன். கிட்டப் போனபோது அவள் வாய்க்குள் "ரோசரி, ரோசரி" என்று சொல்லிக்கொண்டே அடிப்பது கேட்டது. ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். அடித்து முடித்தபோது அந்த வளைந்த கொட்டகை வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கல்லறையாகவே நின்றது. அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். சவரிநாதன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

வழுவழுப்பான இரும்பில் சுண்ணாம்பு பிடிக்குமா? ஒரு மழைக்கு வழிந்துவிட்டது. மண்சுவருக்கு அடிக்கும்போது ஒட்டிப் பிடிக்கட்டும் என்று கஞ்சியும் ஒரு கை உப்பும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இரண்டு மூன்று கை கூடவே போட்டுக் கரைத்து இன்னொருமுறை அடித்தாள். அதைப் பார்த்த அன்றுதான் சவரிநாதன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், சுண்ணாம்புல உப்புப் போட்டு இரும்புல அடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. ஷாப்புல உப்புத்தண்ணி பட்ட இரும்பெல்லாம் அப்பளமா நொறுங்குது. தகடு போயிரும்."

போய்ச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எம் புள்ளைக்குக் கல்லறைதான் இல்லாமப் பண்ணிட்டாரு. ஒரு மட்டை சுண்ணாம்பு அடிக்கிறதும் பொறுக்கலையாமா அவருக்கு? அவரு பேச்சக் கேட்டு ஒருதரம் வாழ்ந்தது போதும்னு சொல்லுங்க டீச்சர்" என்று அவர் காதில் விழும்படியே கத்திவிட்டு, பானையிலிருந்து இன்னும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு சவரிநாதன் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். கொட்டகை அரசாங்கத்தது. தகடு போனால் போகட்டும், பெற்றவள் வயிறு கொஞ்சம் ஆறினால் சரி என்றுதான் எனக்கும் பட்டது.

வருஷா வருஷம் நடந்தது. நவம்பர் பிறக்கும்போது பக்கத்துக் கொட்டகை அற்புதசாமி ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போவான். அவள் கரைப்பாள், உப்புப் போடுவாள், பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். வெள்ளைக்கு மேலே பழுப்பாகக் கறை தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு மட்டை கூட அடிப்பாள். கேம்ப்பிலேயே பார்க்க லட்சணமான கொட்டகை அவளுடையதுதான். அற்புதசாமி கொட்டகையைப் பார்க்கச் சகிக்காது. சாயங்காலமானால் குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கிறவன் கூரையையா கவனிக்கப் போகிறான்? பட்டாளத்துக்காரன் விட்டுப்போன அழுக்கு அப்படியே இருந்தது, அதன் மேல் அவன் கருவாடு சுட்ட புகையும் சேர்ந்து.

எண்பத்தைந்தில் கேம்ப்பை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அப்புறம் இல்லை, காப்பாற்றப் போகிறார்கள் என்றார்கள். பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு போட்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கொட்டகை இனிமேல் எங்கேயும் பார்க்கக் கிடைக்காதாம், சரித்திரமாம். அவர்கள் சார்பில் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து சுப்புராமன் என்று ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர் வந்தார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் குடை. எங்கள் கொட்டகைகளை அவர் தடவிப் பார்த்த அழகில், நாங்கள் இத்தனை நாள் இதற்குள்ளேயா வெந்துகொண்டிருந்தோம் என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து அவர் சொன்னார்: "நன்னா இருக்கிற கொட்டகை எல்லாம் நிக்கும். ஒண்ணுல ஆஸ்பத்திரி வைக்கலாம், ஒண்ணுல தையல் கிளாஸ். மத்ததுல இப்ப குடியிருக்கிறவாளே இருந்து பாத்துக்கட்டும். உளுத்துப் போனதை மட்டும் பிரிச்சு, அதுல தேறுற சாமானை மத்த கொட்டகைக்குப் போட்டுடுவோம். அதுல இருக்கிறவாளுக்கு உப்பிலியபுரம் பக்கம் இடம் குடுக்கிறதா சொல்லியிருக்கா."

வியாகுலம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "நல்லா இருக்கிறதை அப்புறம் யாரும் பிரிக்க மாட்டாங்களா சார்?"

"எதுக்கும்மா பிரிக்கணும்? நம்ம காலத்துக்கப்புறமும் நிக்கும்."

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். முகமே மாறியிருந்தது. "நாம செத்தாலும் நிக்குமாம் டீச்சர். எம் புள்ளைக்கு இனிமே ஒரு இடம் இருக்கு" என்றாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் போன பிறகு நான் அவள் கொட்டகையைத் தாண்டிப் போனபோது, சவரிநாதன் கொட்டகையின் அடிப்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தகடு தரையைத் தொடுகிற இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வேறு எங்கேயோ பார்த்தார்.

எது நல்லது, எது உளுத்தது என்று என்ஜினீயர் சோதித்துப் பார்க்க வருகிற நாளுக்கு முன்னால் வியாகுலம் ஒரு வேலை செய்தாள். கல்லறைத் திருநாள் இன்னும் வரவில்லை என்றாலும், அற்புதசாமியிடம் சொல்லிச் சுண்ணாம்பு வரவழைத்து, கொட்டகையை முழுக்க ஒருமுறை அடித்தாள். கல்யாண வீடு மாதிரி வாசலில் கோலமும் போட்டாள்.

சுப்புராமன் கையில் சின்னச் சுத்தியலோடும் ஒரு ஸ்குரூடிரைவரோடும் வந்தார். முதலில் அற்புதசாமி கொட்டகை. தட்டினார். கோயில் மணி மாதிரிக் கணீரென்றது. அழுக்கைச் சுரண்டினால் உள்ளே தகடு பளபளத்தது. "யாரும் இதைத் தொடாம விட்டதாலேயே பிழைச்சிருக்கு" என்று சிரித்தார். அற்புதசாமி தான் ஏதோ பாடுபட்டுக் காப்பாற்றியவன் போலத் தலையைச் சொறிந்தான். எனக்கு அவன் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது.

அடுத்தது வியாகுலத்தின் கொட்டகை. "ஆஹா, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேள்" என்று சொல்லிக்கொண்டேதான் சுத்தியலைத் தட்டினார். சத்தமே வரவில்லை. மண்ணைத் தட்டின மாதிரி இருந்தது. முகம் சுருங்க, குனிந்து, அடிப்பக்கத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது வெள்ளைச் சுண்ணாம்பும் செம்பழுப்புத் துருவும் சேர்ந்து ஒரு கைப்பிடி உதிர்ந்தது. இன்னும் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் உள்ளே இருந்த கட்டில் தெரிந்தது.

"இதுல என்னம்மா பூசினேள்?"

"சுண்ணாம்புதான் சார். வருசா வருசம் அடிச்சிருவேன். நல்லாப் பிடிக்கட்டும்னு உப்பு நெறையப் போடுவேன்." இன்னும் பெருமையாகத்தான் சொன்னாள்.

சுப்புராமன் ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நான் வந்திருப்பேன். "உப்பு இரும்பைத் தின்னுடும்மா. மேல வெள்ளை இருக்கவும் உள்ள நடக்கிறது தெரியலை. நீங்க ஒண்ணுமே செய்யாம விட்டிருந்தா, இது அப்படியே நின்னிருக்கும். நெஞ்சாரச் சொல்றேன், என்னால இதைக் காப்பாத்த முடியாது" என்றார். அடுத்த கொட்டகைக்குப் போகும்போது குடையை அவள் வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார்.

வியாகுலம் உதிர்ந்து கிடந்த துருவைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள். சவரிநாதன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மொத வருசம் டீச்சர்கிட்டச் சொல்லிவிட்டேன். நீ கேக்கல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சுண்ணாம்பே நான்தான் வாங்கிக் குடுத்தேன். அற்புதம் என்னிக்குக் கடைத்தெருவுக்குப் போயிருக்கான்? நான் குடுத்தா நீ தொட மாட்டன்னு அவன்கிட்டக் குடுத்துவிட்டேன்."

"எதுக்கு?" என்றாள்.

"நீ அடிக்கிறப்ப அவ பேரச் சொல்லிக்கிட்டே அடிப்ப. நான் உள்ள கட்டில்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ பேரக் காதால கேக்குறதுக்கு எனக்கு வேற நாள் ஏது? வருசத்துல அந்த ஒரு நாள்தான. தகடு போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். இது நிக்குமா நிக்காதான்னு ஒரு நாள் வந்து தட்டிப் பாப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வியாகுலம் எழுந்து போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அடி ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பும் துருவும் அவர் சட்டையில் ஒட்டின. அவர் நகராமல் வாங்கிக்கொண்டார். கை ஓய்ந்ததும் அந்த நெஞ்சிலேயே தலையை வைத்து அழுதாள். அவரும் அழுதார். அந்தக் கொட்டகைக்கு வந்ததிலிருந்து அதுவரைக்கும் அவர்கள் சேர்ந்து அழுததே இல்லை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல், வீட்டுக்குப் போய் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

கொட்டகையைப் பிரிக்க ஆட்கள் வந்தபோது தகடுகளைக் கழற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை, கடப்பாரை பட்டதும் தானாகவே விழுந்தன. உள்ளே இருந்த வளைவுச் சட்டங்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. அவற்றைத் தேற்றி, சிவப்புப் பெயின்ட் அடித்து, மற்ற கொட்டகைகளுக்கு முட்டுக்கொடுக்க அடுக்கி வைத்தார்கள். வியாகுலம் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுல எங்களுது எதுன்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?" என்று சுப்புராமனிடம் கேட்டாள். எல்லாம் ஒரே அளவில் செய்தது, எது எங்கே போட்டாலும் பொருந்தும், அதுதான் இதன் விசேஷமே என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அக்டோபர் கடைசியில் உப்பிலியபுரம் போகிற லாரி வந்தது. சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கட்டில், பாத்திரம், மாதா படம். கொட்டகை இருந்த இடத்தில் சிமென்ட் தரை மட்டும் கிடந்தது. அதையும் பெயர்த்துச் சமப்படுத்திப் பூச்செடி வைக்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். கேம்ப்பே திரண்டு வந்து வழியனுப்பியது. சவரிநாதன் முதலில் ஏறிக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். பிடித்த கையை விடாமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் கல்லறைத் திருநாள் வருதேங்க" என்றாள். "நாம எங்க போறது?"

சவரிநாதன் அவளைப் பார்த்தார், அப்புறம் அந்தத் தரையைப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் பார்த்துக்கொண்டு நின்ற வரைக்கும் அவள் கேட்டதை விடவில்லை, அவர் கையை உலுக்கி உலுக்கி அதையே கேட்டுக்கொண்டு போனாள்.